முதுகைப் பார்க்க எழும்பூர் போகணும்

(பொங்கலையொட்டி தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நடந்த பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: 'ஓவிய மாணவரைப் பெரிதும் வளர்ப்பது அன்றாடப் பயிற்சியே! கண்காட்சிகளும் கலைப்பேச்சுகளுமே!' நான் பேசியது இரண்டாவது அணிக்கு.)

நடுவர் ஐயாவுக்கும், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணிக்கும், நாற்காலி கிடைக்காமல் மொட்டை மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் தெரு மக்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று ஔவையாரைக் கூட்டிவந்து நிறுத்தி, கைத்தட்டலும் வாங்கிவிட்டார். சரி. ஆனால் அந்த வெண்பாவிலிருந்து அவர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். அதே பாட்டில் இரண்டு அடி தள்ளி 'நடையும் நடைப்பழக்கம்' என்று இருக்கிறது. அங்கே நடை என்றால் ஒழுக்கம் என்று முன்வரிசையில் இருக்கும் எங்கள் தமிழ் ஐயா திருத்துவார், தெரியும், ஆனால் இன்றைக்கு எனக்கு நடப்பது என்கிற அர்த்தம்தான் வசதி. ஏனென்றால் என் அணிக்காக நான் சொல்லப்போவது எல்லாமே நடந்து போய், பஸ் ஏறிப் போய், சில நேரம் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தவை.

நான் ஓவியக் கல்லூரியில் மூன்றாமாண்டு. அப்பாவை இங்கே எல்லோருக்கும் தெரியும், போர்டு எழுதுபவர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் பாதிக் கடைகளின் பெயர் அவர் கையெழுத்தில்தான் இருந்தது, பிளெக்ஸ் வந்தது, போயிற்று, இப்போது வீட்டு நம்பர், ஆட்டோ முதுகு, 'இங்கு வண்டி நிறுத்தாதீர்'. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டுப் பயிற்சியைக் குறை சொல்வேனா? என் விரலில் கரி ஒட்டாத நாள் கிடையாது. சென்ட்ரல் ஸ்டேஷனில் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்குகிறவர்களை வரைந்தே நான்கு ஸ்கெட்ச் நோட்டு தீர்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்று. முதல் இரண்டு வருடமும் நான் எல்லா உருவத்தையும் ஒரே மாதிரி நிற்க வைத்துக்கொண்டிருந்தேன். தோள் நேர், இடுப்பு நேர், ஆணியடித்த மாதிரி. தினமும் வரைந்தேன், தினமும் அதே ஆணி. தப்பையும் நாள் தவறாமல் போட்டால் தப்பும் கைப்பழக்கம்தான் ஐயா, கை ரொம்ப அழகாக, ரொம்ப வேகமாகத் தப்பாகப் போடும்.

அந்த ஆணியைப் பிடுங்கியது எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, நம் தெருவிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம், ஆனால் இங்கே எத்தனை பேர் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு அங்கே போயிருக்கிறோம்? நான் சொல்வது அதன் செப்புச் சிலைக் கூடத்தை. திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான். கோயிலில் உற்சவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, கவசம், தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு முகம், அவ்வளவுதான், சிற்பி செய்த உடம்பு உள்ளே ஒளிந்திருக்கும். அது கும்பிடுகிற இடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு எப்படி நிற்கிறது என்று படிக்க வந்த எனக்கு அந்த உடம்பு வேண்டும். அர்த்தநாரிக்கு வலப்பக்கம் போய் நின்றால் ஆண், இடப்பக்கம் போய் நின்றால் பெண், நேரே நின்றால் இரண்டும் எங்கே சேர்கிறது என்று தேடிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை, அந்தக் கணக்குப் பிசகு கண்ணில் உறுத்தவே இல்லை, ஏன் என்று கேட்டால், இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்து அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறது.

அப்புறம் முதுகு. எல்லாச் சிலையையும் சுற்றி வர முடியாது, பல கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன, நான் ஓர் அம்மன் சிலையின் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒட்டி நின்று கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்ததில் அங்கிருந்த காவலர் நான் எதையோ தூக்கப்போகிறேன் என்றே முடிவு செய்துவிட்டார். தலைக்குப் பின்னால் ஒரு சக்கரம், அதற்குக் கீழே சுருள் சுருளாக முடி விழுந்து தோளில் பரவுகிறது, அதற்கும் கீழே முதுகெலும்பின் பள்ளம், நேர்க்கோடாக இல்லை, வளைந்து இறங்குகிறது. யாருமே பார்க்கப்போவதில்லை, துணி போட்டு மூடிவிடுவார்கள் என்று தெரிந்தும் அந்தச் சிற்பி பின்பக்கத்தை முடித்திருக்கிறார். எனக்கு அங்கேயே வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்த வாரம் நான் கொடுத்த அசைன்மென்டில் நாற்காலிக்குப் பின்னால் வரும் காலை வரையாமல் டபாய்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் அருவாமனை போட்டு, காசிமேட்டிலிருந்து வந்த சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு கால் மடக்கி, ஒரு கால் அருவாமனை மேல், அந்தப் பாரத்துக்குத் தகுந்த மாதிரி முதுகில் அதே வளைவு! இருபது வருடமாகக் கண்ணெதிரே இருந்த முதுகு. அதை எனக்குக் காட்டிக்கொடுக்க ஆயிரம் வருடப் பழைய சிலை வேண்டியிருந்தது. நான் அதிகம் பயிற்சி செய்திருந்தால் அம்மாவை அதிகம் வரைந்திருப்பேன், அவ்வளவுதான், பார்த்திருக்க மாட்டேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, போனிலேயே உலகத்து மியூசியம் எல்லாம் இருக்கிறது, பஸ் காசு எதற்கு என்றான். தம்பி, சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021-லிருந்து எனக்கு டிக்கெட்டே கிடையாது, அந்தச் செலவு உனக்குத்தான். போனில் இருக்கிற கஷ்டம் என்னவென்றால் அங்கே தபால்தலையும் மதில்சுவரும் ஒரே அளவு. மெரினா உழைப்பாளர் சிலையை எத்தனை போட்டோவில் பார்த்திருப்போம், 1959-இலிருந்து அங்கே நிற்கிறது, செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி எங்கள் கல்லூரி முதல்வராக இருந்தவர். பஸ் ஜன்னலில் அது நான்கு பேர், ஒரு பாறை. இறங்கிப் போய்க் கீழே நின்று அண்ணாந்து பார், அந்தப் பாறை உன் மேல் வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தாவின் தோள்பட்டையில் ஒரு பக்கம் மேடு தட்டியிருக்கும், அங்கே நின்றபோதுதான் அந்த மேடு எப்படி வந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

இப்போது பேச்சுக்கு வருகிறேன், கலைப்பேச்சு என்றால் கொட்டாவி என்று எதிரணி அக்கா சொன்னதால். சில கொட்டாவிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேலரியில் முழுக்க ஆங்கிலத்தில் ஒன்றரை மணி நேரம் ஒருவர் 'ஸ்பேஸ், ஸ்பேஸ்' என்று சொன்னார், கடைசி வரை அது அறையா, வானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு இடத்தில் வாசலிலேயே 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்டார்கள். படத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். என் செருப்பைப் பார்த்தார்கள். வட சென்னையிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான், அது உண்மையாகவே வலிக்கும், அதை மூடி மறைத்து நான் ஜெயிக்க வேண்டாம். ஆனால் அதற்காக நாம் போகாமல் இருந்தால் அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று!

கொட்டாவி வராத பேச்சு ஒன்றைச் சொல்கிறேன். சுவாமிமலைப் பக்கத்திலிருந்து சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவர் வந்திருந்தார். பிரசன்டேஷன் எல்லாம் கிடையாது, பையிலிருந்து ஒரு தென்னை ஓலையை எடுத்தார். ஒடியோலை என்பார்களாம். சிலை எவ்வளவு உயரமோ அந்த நீளத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார், ஸ்கேல் இல்லை. நவதாளம் என்று ஓர் அளவு முறை, உடம்பு ஒன்பது தாளம், முகத்தின் நீளம் ஒரு தாளம், ஒரு தாளத்துக்குப் 12 அங்குலம், மொத்த உடம்பு 108. அந்த அங்குலம் நம் இஞ்ச் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய அங்குலம், சின்னச் சிலைக்குச் சின்னது, பெரிய சிலைக்குப் பெரியது. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள், அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான். நான் கையைத் தூக்கி, ஓலை காய்ந்து சுருங்கினால் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டேன். 'வேற ஓலை நறுக்கிக்கணும்மா' என்றார். அரங்கமே சிரித்தது, நானும்தான்.

ஆனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்த ஓலை இல்லை, நியூஸ் பேப்பர். அப்பா கடைப் பெயர் எழுத இடம் பிரிக்கும்போது போர்டின் அகலத்துக்கு நியூஸ் பேப்பரை நீளமாகக் கிழித்து, எட்டு எழுத்தென்றால் எட்டாக மடித்து, மடிப்புக்கு மடிப்பு சாக்பீஸில் புள்ளி வைத்து, அப்புறம் நூல் அடிப்பார். 'ழ'வுக்கும் 'ணை'க்கும் கூடக் கொஞ்சம், 'ர'வுக்குக் குறைச்சல். சின்ன வயதிலிருந்து அந்தப் பேப்பரின் மறுமுனையைப் பிடித்தது நான்தான். அதை நான் வேலை என்று நினைத்தேன், கணக்கு என்று நினைக்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்குப் போகவில்லை என்றால் இன்றைக்கும் நினைத்திருக்க மாட்டேன். எதிரணியினர் திரும்பத் திரும்ப, நம்ம தெருவிலேயே கலை இருக்கிறது, எதற்கு வெளியே போகணும் என்கிறார்கள். இருக்கிறது அண்ணா, யார் இல்லை என்றது, வெளியே போய்விட்டு வந்தால்தான் எனக்கு அது தெரிகிறது.

கண்காட்சியே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று ஒரு போடு போட்டார்கள். பரிபாடலில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மாடம் வருகிறது. சனங்கள் சுவரோவியத்தைப் பார்த்து இது யார், அது யார் என்று கேட்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் இவள் ரதி, இவன் காமன், இது இந்திரன் பூனையாக ஓடுவது, இவள் அகலிகை, இவன் கவுதமன் என்று விளக்குகிறார்கள். கண்காட்சியும் ஆயிற்று, கேள்வி பதிலும் ஆயிற்று, 'யாரைப் பார்க்கணும்' என்று வாசலில் கேட்டதாக மட்டும் பாட்டில் இல்லை.

கொச்சியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று நடக்கிற கலைக் கண்காட்சி, பினாலே, அதைப் பற்றி நிறையப் பேச ஆசை, 12.12.12 அன்று தொடங்கியது, 2014-லிருந்து மாணவர்களுக்கென்றே தனிக் கண்காட்சியும் சேர்ந்து நடக்கிறது, ஆலப்புழை எக்ஸ்பிரஸில் உட்கார இடமில்லாமல் போனோம். மட்டாஞ்சேரியில் பழைய கிடங்குகளில் என் வயசுப் பிள்ளைகளின் வேலைகளைப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன், அந்தப் பொறாமையை எந்தப் பயிற்சியும் தராது. மணியை நோக்கி நடுவர் ஐயாவின் கை போவதால் அதை விடுகிறேன்.

அப்பா கதையை மட்டும் முடித்துக்கொள்கிறேன் ஐயா, ஒரே நிமிஷம்.

ஒரு பேச்சில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படங்களைத் திரையில் போட்டார்கள். 1963 வாக்கில் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை தொடங்கினார், மலையாள எழுத்து, கணக்குக் குறி, ஜாதகக் கட்டம் மாதிரி எல்லாம் கலந்து, படிக்கப் பார்த்தால் படிக்க வராது. வீட்டில் வந்து அப்பாவிடம் போனில் காட்டினேன். 'படிக்க முடியாத எழுத்துக்கு எவன் காசு குடுப்பான்?' என்றார். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையே சோழமண்டலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். 1966-இல் அந்தப் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் உண்டாக்கிய ஓவியர் கிராமம், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் தங்கள் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். அதைச் சொன்னதும் அப்பா கொஞ்சம் நிமிர்ந்தார். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என்பது அவருக்குப் புரிகிற விஷயம்.

உள்ளே எழுத்தும் கோடுமாக இருந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. மூக்கு படத்தில் இடிக்கிற தூரத்துக்குப் போனார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். 'இது ஒரே மூச்சில இழுத்ததில்ல. ரெண்டு எடத்துல பிரஷ்ஷ எடுத்திருக்கான், பாரு. பெயின்ட் தீந்துபோச்சுன்னு எடுக்கல, யோசிச்சிருக்கான்.' நான் பார்த்தேன். உண்மையாகவே இரண்டு இடத்தில் நின்றிருந்தது. அரை மணி நேரமாக அதே படத்தின் முன்னால் நின்ற எனக்கு அது தெரியவில்லை.

எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும், தெரியும். முப்பது வருடக் கைப்பழக்கம்தானே அவருக்கு அதைக் காட்டியது என்பார்கள். ஆமாம். ஆனால் அதே முப்பது வருடமும் அந்தக் கண்ணுக்குப் பார்க்க என்ன கிடைத்தது? கடை போர்டுதான். போனில் பார்த்தபோது காசைக் கேட்டவர் நேரில் பார்த்தபோது பிரஷ்ஷைப் பார்த்தார் இல்லையா?

திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த மாதிரிப் படம் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார். பெரிய ஆள் வரைந்தது என்றால் லட்சக்கணக்கில் போகும் என்றேன். அடையாறு வரைக்கும் பேசவில்லை. அப்புறம், 'அடுத்த வாரம் எங்க?' என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள், இறங்கிவிடுகிறேன். தீர்ப்பை உடனே சொல்ல வேண்டாம் ஐயா, ஒரு நாள் எழும்பூர் போய் அந்த அம்மன் சிலைக்குப் பக்கவாட்டில் நின்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், லீவு. முதல் தடவை நான் அப்படிப் போய், பூட்டின கேட்டை வரைந்துகொண்டுதான் திரும்பி வந்தேன்.