ஒன்றரை அடி உயரமும் ஒரு பொமேரியனும்

(காட்சி: சோஃபா நுனியில் நிற்கும் பொமேரியன். கீழே பளபளக்கும் டைல்ஸ்.)

இந்த சோஃபா ஒன்றரை அடி உயரம். மேலே நிற்பவரின் எடை இரண்டரை கிலோ. முன்னங்கால் எலும்பு ஏறத்தாழ பென்சில் தடிமன்தான். இப்போது குதிக்கப் போகிறார்.

"எங்கள் வீட்டில் முன்பு இருந்த பொமேரியன் மாடிப்படியையே தாவும்" என்பவர்கள் உண்டு. நம்மூரில் அந்தப் பெயரில் வளர்ந்தவற்றில் நிறைய, இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். உடம்பும் எலும்பும் பெரிது. அதை வைத்து இந்தக் குட்டியை எடை போடாதீர்கள்.

(படம்: முன்னங்கால் எலும்புகள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே சிவப்பு வட்டம்.)

பெரும்பாலும் உடைவது இந்த இடம். இங்கே சதை குறைவு. சின்ன இன நாய்களுக்கு இந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் மாவுக்கட்டு மட்டும் போட்டால் பல சமயம் எலும்பு சரியாகக் கூடுவதில்லை. அறுவை செய்து உலோகத் தகடு (பிளேட்) வைக்க வேண்டியிருக்கும்.

சோஃபாவை விட எனக்குப் பயம் நம் கைகள்தான். நின்றுகொண்டு தூக்கினால் மூன்று, நான்கு அடி உயரம். குழந்தைகள் கொஞ்ச வேண்டுமா? முதலில் தரையில் உட்காரட்டும், அப்புறம் மடியில் வாங்கட்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொன்று பின்பக்கத்தைத் தாங்கி. முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இறக்கும்போதுதான் நிறைய பேர் கோட்டை விடுகிறோம்: தரை தெரிந்ததும் அது துள்ளும், நாமும் விட்டுவிடுவோம். நான்கு காலும் தரையில் பதிந்த பிறகு கையை எடுங்கள்.

(காட்சி: சோஃபா அருகே ரப்பர் பாய், சின்னப் படி.)

குதிக்கும் இடத்தில் வழுக்காத பாய் போடுங்கள். பாதத்தடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். டைல்ஸில் சறுக்குவது குறையும். படி வாங்கி வைத்தால் மட்டும் ஏறிவிடாது, தின்பண்டம் காட்டிப் பழக்க வேண்டும். டாக்ஸ்ஹண்ட் வளர்த்தால் இன்னும் கவனம்: அந்த நீள முதுகில் தண்டுவட டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) பிதுங்கினால் பின்னங்கால்கள் செயலிழக்கலாம்.

வெளியே போகும்போது கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றும் ஹார்னஸ். பொமேரியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்றவற்றுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கக்கூடும். பக், ஷீ சூ வகைகளுக்குக் கழுத்தில் அழுத்தம் கூடினால் கண்விழியே வெளியே வந்துவிடலாம். மிகைப்படுத்தவில்லை. ஸ்கூட்டர் முன்னால் நிற்க வைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? ஒரு பிரேக் போதும்.

(காட்சி: துணி விரித்த கூடை.)

விழுந்துவிட்டது, காலை ஊன்றவில்லை. அப்போது நீவிவிடாதீர்கள், குச்சி வைத்துக் கட்டாதீர்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்தால் அது நாய்க்கு விஷமாகலாம். நடக்க விடாமல், ஆடாத கூடையில் படுக்கவைத்து, அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எத்தனை அடி உயரத்திலிருந்து விழுந்தது என்று முதலில் சொல்லுங்கள்.