சில்லறைக் கவலை சின்னக் கவலையா?

நடுவர் அவர்களே, சத்துவாச்சாரிப் பெருமக்களே, வணக்கம். "அன்றாட வாழ்வில் மனஅழுத்தம் தருவது பேரிடிகளா, சில்லறைத் தொல்லைகளா?" இதுதான் தலைப்பு. நான் சில்லறை அணி.

எதிரணி ஐயா ஒரு பட்டியல் கொண்டுவந்தார். எந்த நிகழ்வு மனசை எவ்வளவு அழுத்தும் என்று 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் மதிப்பெண் போட்டது. வாழ்க்கைத் துணை இறந்தால் 100 மதிப்பெண், கல்யாணத்துக்கு 50, வேலை போனால் 47. வேலை போவதைவிடக் கல்யாணம் 3 மதிப்பெண் கூடுதல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டம்மா முன்வரிசையில் இருப்பதால் இதோடு விடுகிறேன்.

ஆனால் ஐயா 1967 ஸ்டாப்பிங்கிலேயே இறங்கிவிட்டார். 1981-இல் லாசரஸ் என்ற உளவியலாளரின் குழு, 100 பேரைப் பல மாதம் கவனித்தது. யாருக்கு மனம் சோரும் என்று கணிப்பதற்குப் பெரிய நிகழ்வுகளைவிட அன்றாடத் தொல்லைகளின் கணக்குதான் அதிகம் பொருந்தி வந்தது.

அமெரிக்கா எதற்கு? காட்பாடியில் பாகாயம் பஸ் ஏறுங்கள். 20 ரூபாய் நீட்டினால் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் 'பாக்கி 8' என்று எழுதித் தருவார். அப்புறம் பாலாற்றுப் பாலம் தாண்டியது தெரியாது, கோட்டை வந்தது தெரியாது. கண்ணெல்லாம் கண்டக்டர் முதுகில்தான். கேட்டால் அல்பம், கேட்காவிட்டால் நஷ்டம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகும் தாய்மார்களுக்கு இந்த வேதனை புரியாது.

வீட்டுக்கு வந்தால் கத்திரி வெயிலில் வெந்த மொட்டைமாடி. வேலூர்க்காரர்களிடம் வெயிலைப் பற்றி என்ன சொல்வது! ராத்திரி 2 மணிக்கு கரண்ட் போகும். விசிறியைத் தேடி எடுப்பதற்குள் வந்துவிடும். கண்ணயர்ந்தால் மறுபடி போகும்.

ஐயா, பெரிய துக்கம் என்றால் ஊரே வந்து நிற்கிறது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வரும். ஆபீசில் மறுபேச்சில்லாமல் லீவு. "சார், கண்டக்டர் எட்டு ரூபாய் தரலை, மனசு சரியில்லை, லீவு வேணும்" என்று கேட்டுப் பாருங்கள்! துக்கம் விசாரிக்க ஆள் வராத கவலை இது. தனியாகத்தான் சுமக்க வேண்டும். நாளைக்கும் அதே பஸ்.

நடுவர் மணியடிக்கிறார். ஒன்றே ஒன்று. எதிரணியினர் மரணம், கடன், நோய் என்று உருகினார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் நினைப்பு பூரா கோயில் வாசலில் விட்டுவந்த புதுச் செருப்பு மேல்தான். நீங்கள் நிதானமாகத் தீர்ப்பு எழுதுங்கள் ஐயா, நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.