சுவிட்சர்லாந்தில் வியா ஃபெராட்டா: பெல்ட் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

[திரையில்: லவுட்டர்புரூனன் பள்ளத்தாக்கு, மேலிருந்து]

வணக்கம். ஜங்ஃபிராவ்யோஹ் மலை ரயில் நிலையத்துக்குப் போகிற நம்மவர்கள் பலர் லவுட்டர்புரூனனில் ரயில் மாறுகிறார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரையும் அதிலிருந்து விழும் அருவியையும் நாலு படம் எடுத்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறார்கள். அந்தச் சுவரின் மேல் விளிம்பை ஒட்டி, பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளில் கால் வைத்து நடந்தே போக ஒரு பாதை இருக்கிறது. பாறை ஏறிப் பழக்கம் இல்லாதவர்களும் போகலாம். ஆனால் இடுப்பில் மாட்டும் கருவி எதற்காக இருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

இந்த மாதிரிப் பாதைக்குப் பெயர் வியா ஃபெராட்டா. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் ஊர்களில் கிளெட்டர்ஸ்டைக் என்று பலகை போட்டிருப்பார்கள். பாறை நெடுக ஓர் எஃகு வடம் ஓடும். சில மீட்டருக்கு ஒரு தடவை அதைப் பாறையோடு இறுக்கியிருப்பார்கள். கால் வைக்கக் கம்பிப் படி, தேவையான இடத்தில் ஏணி, பிளவு வந்தால் பாலம், அவ்வளவுதான். ஆல்ப்ஸுக்கு இது பழைய சங்கதி. ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் 1843-லேயே இரும்புப் பிடிகள் பதித்தார்கள். முதல் உலகப் போரில் இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் டாலமைட் மலைகளில் ஆளும் சரக்கும் ஏற்ற ஏணியும் கயிறும் கட்டின. சுவிட்சர்லாந்து இதில் கொஞ்சம் தாமதம்தான், காட்மன் ஊருக்கு மேலே இருக்கும் டேல்லி பாதையை 1993-ல் திறந்த பிறகே இங்கே நவீனப் பாதைகள் பெருகின.

[திரையில்: லேன்யார்ட், இரண்டு கை, இரண்டு கேரபினர்]

சரி, இப்போது கருவிக்கு வருவோம். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸ், ஹெல்மெட், அப்புறம் ஹார்னஸை வடத்தோடு இணைக்கும் இந்த லேன்யார்ட். இதற்கு இரண்டு கை, ஒவ்வொன்றின் நுனியிலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி, அதாவது கேரபினர். இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு நகர வேண்டும். வடம் பாறையில் இறுக்கியிருக்கும் இடம் வந்ததும் ஒன்றை மட்டும் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுங்கள், பிறகு மற்றதை மாற்றுங்கள். எந்த நொடியிலும் குறைந்தது ஒன்று வடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இதைப் பார்த்ததும் பலர் மனதில் வருவது, "கட்டியாச்சு, இனிமேல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்ற நினைப்பு. அது தவறு, அதனால்தான் இந்த வீடியோவே போடுகிறேன்.

கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர் விழும்போது பல மீட்டர் நீளக் கயிறு இழுபட்டு அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இங்கே நிலைமை வேறு. செங்குத்தான இடத்தில் வடத்தைப் பாறையோடு இறுக்கியிருக்கும் இரண்டு பிடிமானத்துக்கு நடுவே 4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மேல் பிடிமானத்தை நெருங்கும்போது கை வழுக்கினால், கேரபினர் வடத்திலேயே சறுக்கிக் கீழ்ப் பிடிமானம் வரை போய்த்தான் நிற்கும், அதற்கும் கீழே லேன்யார்டின் நீளம் வரை நீங்கள் விழுவீர்கள். ஆக 5 மீட்டருக்கு மேல் விழுகிற உடம்பை வெறும் 1 மீட்டர் பட்டை நிறுத்த வேண்டும். ஸ்லிங் எனும் சாதாரணப் பட்டை வளையத்தை மட்டும் கட்டியிருந்தால் அது அறுந்து போகலாம். அறுகாவிட்டாலும் அந்த வெட்டு இழுப்பே உடம்பைச் சிதைத்துவிடும்.

அதற்காகத்தான் லேன்யார்டின் அடியில் ஒரு சின்னப் பை இருக்கிறது. உள்ளே மடித்துத் தைத்த பட்டை. பலமாக இழுபடும்போது அந்தத் தையல் வரிசையாகப் பிரிந்து, பிரியப் பிரிய வேகத்தைக் குறைக்கும். உங்கள் உயிரைக் காப்பாற்றுவது அந்தத் தையல்தான். ஆனால் அது பிரிந்து முடிப்பதற்குள் வழியில் உள்ள இரும்புப் படியிலோ பாறை முனையிலோ மோதினால் காலோ முதுகோ உடையும், அதை எந்தக் கருவியும் தடுக்காது. அதனால் கார் சீட் பெல்ட் மாதிரி இதை நினையுங்கள், பெல்ட் போட்டிருக்கிறோம் என்பதற்காக யாரும் போய்ச் சுவரில் இடிப்பதில்லை. ஒரு தடவை பிரிந்த லேன்யார்டை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

ஐரோப்பியத் தரம் ஈஎன் 958-இன் 2017 திருத்தப்படி இந்தக் கருவி 40 முதல் 120 கிலோ வரை எடையுள்ளவர்களுக்கு. குழந்தை 40 கிலோவுக்குக் கீழே என்றால் தையல் சரியாகப் பிரியாமல் போகலாம், கூடுதலாகக் கயிறு கட்டி விவரம் தெரிந்த ஒருவர் பிடிக்க வேண்டும். இரண்டு பிடிமானத்துக்கு நடுவே ஒரே ஒரு ஆள், இதுவும் விட்டுக்கொடுக்கவே முடியாத விதி. மேலே இருப்பவர் விழுந்தால் நேராக உங்கள் தலையில்தான் வருவார்.

[திரையில்: மியூரன், புல்வெளி, பிறகு பாறை விளிம்பு]

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பாதை. மியூரன், கார் போகாத மலைக் கிராமம், 1,638 மீட்டர் உயரம். அங்கிருந்து கிம்மல்வால்ட் வரை சுமார் 2.2 கிலோமீட்டர், 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பெரும்பகுதி இறக்கம், அதனால் மூச்சு வாங்காது. தொடக்கத்தில் மரங்களுக்கு நடுவே போவதால் இவ்வளவுதானா என்று தோன்றும். பிறகு சுவரின் முகப்புக்கு வந்ததும் காலடியில் இரும்புக் கம்பி மட்டும், அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டருக்கு ஒன்றுமே இல்லை, பள்ளத்தாக்கின் அடியில் வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரியும். உடம்புக்கு அந்த இடம் எளிது, கால் வைக்கக் கம்பி, பிடிக்க வடம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மனதுக்கு எளிதில்லை. நின்று மூச்சு விட்டு, அடுத்த கம்பியை மட்டும் பார்த்து நகருங்கள். கடைசிக் கட்டத்தில் சுமார் 80 மீட்டர் நீளமுள்ள தொங்கு பாலம் வரும், எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பாதைக்குக் கட்டணம் இல்லை, கருவிகள் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல் தடவை என்றால் கைடு வைத்துக்கொள்ளுங்கள், கையில் காசு குறைவாக இருந்தால் வேறு எதையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் பாதைகளைக் கே1 முதல் கே6 வரை தரம் பிரிக்கிறார்கள், எண் கூடக் கூடக் கடினம். மியூரன் கே3. இன்னும் எளிதாக வேண்டுமானால் ஐகர் மலையின் ஓரத்தில் ரோட்ஸ்டாக், 2,663 மீட்டர், தரம் கே2. ஜங்ஃபிராவ்யோஹ் ரயில் நிற்கும் ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து நடந்தே தொடக்கத்துக்குப் போய்விடலாம். கோடைத் தொடக்கத்தில் அங்கே பனி மிச்சமிருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். லாய்கர்பாடில் டவ்பன்ஹார்ன் பாதை இருக்கிறது, நாட்டிலேயே நீளமானது, 2,900 மீட்டரைத் தாண்டிய உச்சிக்கு ஒரு முழு நாள் ஏற்றம், தரம் கே5. இணையத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு முதல் பாதையாகவே அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கை தளர்ந்த பிறகு பாதி வழியில் திரும்ப முடியாது.

பெரும்பாலான பாதைகள் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரைதான். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், நீங்களோ ஈரமான எஃகு வடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள், ஆகவே காலையிலேயே கிளம்புங்கள், வானிலை சந்தேகமாக இருந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். கெட்டியான அடியுள்ள ஷூ, கையுறை, தண்ணீர், மழைச் சட்டை போதும்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். பயணக் காப்பீட்டில் மலையேற்றம் என்று போட்டிருந்தாலும் வியா ஃபெராட்டா விலக்கப்பட்டிருக்கலாம், வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபத்தில் மாட்டிக்கொண்டால், ரேகா என்ற ஹெலிகாப்டர் மீட்பு அமைப்புக்கு எண் 1414, அதைப் போனில் இப்போதே சேமித்து வையுங்கள், மேலே போய்த் தேட சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.