ஆரஞ்சைக் காகிதத்தால் மூடவே முடியாது! அப்புறம் காண்டாமிருகம் எப்படி வந்தது?

(திரையில்: கடைவீட்டு அஞ்சடி. ஒரு சிவப்புக் கார், பக்கத்தில் இரண்டு மாடி பங்களா.)

இந்தப் பங்களாவைப் பாருங்கள். வாசலில் காவலாளி, சுவரில் ஏர்கோன், கூடத்தில் தொலைக்காட்சி. மொத்த வீட்டையும் நான் ஒரு கையால் தூக்கிவிடுவேன். ஒரு தீக்குச்சி உரசினால் ஐந்து நிமிடத்தில் சாம்பல்.

வணக்கம் மக்களே! ஜார்ஜ்டவுனில், சீனர்கள் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் படையல் பொருள்களைச் செய்யும் கடை வாசலில் நிற்கிறேன். பினாங்கில் வளர்ந்த நம் எல்லாருக்கும் இது பழகிய காட்சி. பழகிவிட்டதாலேயே நின்று பார்க்காமல் போகிறோம். இன்று நின்று பார்க்கலாம். காகிதத்தை வைத்து அசலையே தோற்கடிக்கும் சிலரையும் காட்டுகிறேன்.

காகிதம் பிறந்தது சீனாவில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன். வரலாறு அவ்வளவு போதும். நேராக ஆரஞ்சுக்குப் போவோம்.

(திரையில்: மேசை மேல் ஒரு ஏ4 தாள், ஓர் ஆரஞ்சு.)

வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் இந்த இரண்டையும் எடுத்து வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன். ஆரஞ்சின் மேல் தாளைச் சுருக்கமே இல்லாமல் படிய வையுங்கள் பார்ப்போம். முடியாது. இழுத்தால் கிழியும், அமுக்கினால் மடியும். எத்தனை பொறுமையாகச் செய்தாலும் ஓரத்தில் பாவாடைக் கொசுவம் போல மடிப்பு நிற்கும்.

அதே தாளைக் கச்சாங் பூத்தே விற்கும் அண்ணனிடம் கொடுங்கள். கண்மூடித் திறப்பதற்குள் கூம்பாகச் சுருட்டி, கடலையைக் கொட்டி, நுனியை மடித்துக் கையில் தந்துவிடுவார். ஒரு கசங்கல் இருக்காது. மாமாக் கடையில் ரொட்டி தீசு தட்டில் கோபுரமாக நிற்பதும் அதே கூம்புதான். பேரே காகித ரொட்டி. மாஸ்டர் அதை ஏன் பந்து போல உருட்டித் தருவதில்லை? மெல்லிய தகடு கூம்பாகும், குழாயாகும். பந்து மட்டும் ஆகாது.

காரணம், காகிதம் வளையும், ஆனால் நீளாது. ரப்பருக்கு இருக்கும் இழுவை இதன் நாருக்கு இல்லை. அதனால் ஓர் இடத்தில் ஒரு திசையில்தான் வளைய முடியும். பந்துக்கு எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் வளைய வேண்டும். ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் 1827-இல் நிரூபித்த விஷயம் இது. உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறதே, அதற்கும் இதுதான் காரணம். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல 14 மடங்கு பெரியது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே இரவில் எஸ்பிளனேட் கடலில் எறிகிறார்களே, அந்த ஆரஞ்சில் ஒன்றை உரித்துத் தோலை மேசையில் தட்டையாக்கிப் பாருங்கள். ஓரமெல்லாம் கிழியும். ஆரஞ்சு தாளாக மறுக்கிறது, தாள் ஆரஞ்சாக மறுக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்!

இன்னொன்று. தாளின் ஓரத்தைப் பிடித்து நீட்டினால் தொங்கிப் போகும். லேசாக வாய்க்கால் போல வளைத்துப் பிடியுங்கள், விறைத்து நிற்கும். தகரக் கூரையில் நெளி வைப்பது இதற்குத்தான். ஒரு பக்கம் வளைந்துவிட்டால் மறுபக்கம் வளைய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அந்த அடம்தான் காகிதத்தின் பலம்.

இப்போது கேள்விக்கு வருவோம். மனிதக் கன்னம், யானை வயிறு, பூவின் இதழ் எல்லாமே ஆரஞ்சுக் கட்சி. காகிதத்தில் அதை எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

(திரையில்: வெள்ளைச் சிலைத் தலை. இரண்டு கைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன.)

சீனாவின் லி ஹொங்போ தாளை வளைப்பதே இல்லை. அடுக்குகிறார். ஒரு தலைக்கு ஆயிரக்கணக்கான தாள்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் கோடு கோடாகப் பசை வைத்துக் கட்டையாக்கி, மரத்தைச் செதுக்குவது போல அறுத்துத் தேய்த்து எடுக்கிறார். பார்வைக்குச் சாந்தில் வார்த்த பழைய ஐரோப்பியச் சிலை. இழுத்தால் மலைப்பாம்பு போல நீளும், விட்டால் முகம் திரும்பி வந்து உட்காரும். சீனப் புத்தாண்டுக்குத் தேன்கூடு போல விரியும் காகித அலங்காரம் தொங்க விடுவார்களே, அதே வேலைதான். சீனத்துக் காகித விளையாட்டுச் சாமான்களில் அவர் பார்த்த நுட்பம் அது.

ஜப்பானின் சியே ஹிதோத்சுயாமா பழைய செய்தித்தாளை நனைத்து, கயிறு போல முறுக்கி, அந்தக் கயிறுகளை ஒட்டி ஒட்டியே காண்டாமிருகத்தைச் செய்கிறார். முழு அளவில்! தோலின் மடிப்பு, கண்ணைச் சுற்றிய சுருக்கம் எல்லாமே செய்தித்தாள்தான். கயிறாகிவிட்டால் எந்த வளைவிலும் படுத்துவிடும். தலைப்பின் ஆரஞ்சுக்கு இதுதான் பதில்.

அமெரிக்காவின் லூக்கா இயாக்கோனி ஸ்டூவர்ட் ஃபைல் அட்டையை வெட்டி ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானத்தை 1:60 அளவில் செய்தார். தொடங்கியது 2008-இல், பள்ளி மாணவராக இருந்தபோது. சக்கரம் உள்ளே மடங்கும். எகானமி இருக்கை ஒன்றுக்கு 20 நிமிடம், முதல் வகுப்பு இருக்கை ஒன்றுக்கு 8 மணி நேரம். அட்டை விமானத்திலும் காசு கொடுத்தவருக்குத்தான் கால் நீட்ட இடம்!

(திரையில்: காட்டுக்குள் வெயில் இறங்கும் படம்.)

இது புகைப்படம். ஆனால் காடு கிடையாது. ஜெர்மனியின் தாமஸ் டிமாண்ட் 2003-இல் இதற்காக வெட்டியது 270,000 காகித இலைகள். அவர் வழக்கம் இதுதான். அலுவலகம், குளியலறை, எதுவானாலும் முழு அளவில் காகிதத்திலும் அட்டையிலும் கட்டுவார். படம் எடுப்பார். அப்புறம் கட்டியதை அழித்துவிடுவார். உற்றுப் பாருங்கள், அவர் அறைகளில் ஆள் இருக்க மாட்டார், தாள்களில் ஓர் எழுத்து இருக்காது. அந்த வெறுமையைப் பார்க்கும்போது எனக்கு முதுகில் ஏதோ ஊர்வது போல இருக்கும்.

கட்டியதை அழிக்கிறார் என்றதும் உங்களுக்கும் நம் ஊர் ஞாபகம் வந்திருக்குமே?

(திரையில்: மூங்கில் சட்டம். மேலே ஏணியில் ஒருவர்.)

ஏழாம் மாதத்தில் பந்தலில் நிற்கும், ஆவிகளை அடக்கி ஆளும் தாய் சூ யா சாமியைப் பார்த்திருப்பீர்கள். நீல முகம், உருட்டும் விழி, தலைக்கு மேல் சின்னதாகக் கருணைத் தெய்வம் குவான் யின். புக்கிட் மெர்தாஜாமில் எழுப்புவது 20 அடியைத் தாண்டும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே மூங்கில்தான் எலும்பு. இரண்டு குச்சி சேரும் இடத்தில் பசை தடவிய காகித நாடாவைச் சுற்றி முறுக்குகிறார்கள். காய்ந்ததும் இறுகிவிடும். ஆடையும் கவசமும் கூம்புக் கட்சி, தாளைச் சுருட்டினாலே வந்துவிடும். முகம் ஆரஞ்சுக் கட்சி. அதற்கு அச்சின் மேல் சின்னச் சின்னத் துண்டுகளாக அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்துக் கழற்றுகிறார்கள். துண்டு சின்னதானால் சுருக்கம் கண்ணில் படாது. எங்கள் வீட்டுக் கொலுவில் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த காகிதக்கூழ்ச் செட்டியார் பொம்மை ஒன்று உண்டு. அந்தத் தொந்தி எப்படி உருண்டது என்று இந்தக் கடையில்தான் எனக்கு விளங்கியது.

மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்த பெரியவரிடம், "அங்கிள், மழை நாளில் என்ன செய்வீங்க?" என்று மலாயில் கேட்டேன். சிரித்துவிட்டு, "மின்விசிறியைப் போட்டுட்டுக் காத்திருப்பேன்," என்றார். பினாங்கின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். காகித நார் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் ஒட்டிய தாள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் தாளை விரலால் லேசாக வளைத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்தப் பக்கமாகச் சுருட்டுகிறார்.

இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் கட்டி அழித்தால் கலைஞர், ஜார்ஜ்டவுனில் கட்டி எரித்தால் கடைக்காரர் என்ற கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2019-இல் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகம் தைவானின் காகிதப் படையல் பொருள்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. அதே தைவானில் இப்படிப்பட்ட கடை நடத்தும் குடும்பத்தின் நான்காம் தலைமுறை, சாங் சூ சான். காகிதப் பொம்மைகளை வைத்து அசைவூட்டப் படம் எடுப்பவர். 2021-இல் ஜெர்மனியின் டாய்ச்ச வங்கி அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது. நம் ஊர்க் கடைகளில் அதே கை வேலை நடக்கிறது. பார்க்கக் கட்டணம்கூட இல்லை.

(திரையில்: இரவு. தாய் சூ யா எரிகிறார். ஓசை மட்டும்.)

முதலில் காகிதம் போகிறது. மூங்கில் எலும்பு கொஞ்ச நேரம் சிவப்பாக நிற்கிறது. அப்புறம் அதுவும் சாய்கிறது.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் உங்கள் பகுதியில் பந்தல் போட்டால் போய்ப் பாருங்கள். படையலைத் தொடாதீர்கள், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கன்னமும் நெற்றியும் வளையும் இடத்தைக் கிட்டே எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் சேர்க்கிறேன். அதுவரை வீட்டில் கிடக்கும் பழைய செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை கிழியுங்கள். ஒன்று நேராகப் போகும், மற்றது கோணல்மாணலாக ஓடும். உங்கள் வீட்டுத் தாளில் எது நேராகப் போனது என்று கீழே எழுதுங்கள்.