இ.ஏ. வாங்கிய ஸ்டுடியோக்கள் ஏன் மூடப்பட்டன? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். "எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் நல்ல நல்ல ஸ்டுடியோக்களை வாங்கிக் கடைசியில் மூடிவிடுகிறதே, மூடுவதற்கு எதற்கு வாங்க வேண்டும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக இ.ஏ. எனப்படும் இது வீடியோ கேம் வெளியிடும் நிறுவனம்; ஸ்டுடியோ என்பது கேமை உருவாக்கும் குழு. இந்தக் கோபம் எனக்கும் பல வருடம் இருந்தது. ஆனால் மூடுவதற்காக யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நடந்தது வேறு.

முதலில் அந்த நிறுவனம் எப்படித் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். ஆப்பிளில் வேலை பார்த்த டிரிப் ஹாக்கின்ஸ் 1982இல் தொடங்கினார். அந்தக் காலத்தில் கேமை எழுதியவர் பெயரைப் பெட்டியில் போடும் வழக்கமே பெரிதாக இல்லை. அட்டாரி என்ற கேம் நிறுவனத்தில் பெயரும் லாபத்தில் பங்கும் கிடைக்காததால்தான் சிலர் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஹாக்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கேம் எழுதுபவர்களைக் கலைஞர்கள் என்றே அழைத்தார். இசைத்தட்டு உறை மாதிரி அட்டை, அதில் அவர்கள் பெயர். "கணினியால் உங்களை அழவைக்க முடியுமா?" என்று கேட்டது அவர்களின் 1983 விளம்பரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வலிப்பது இந்த இடத்தில்தான்.

அப்போது இ.ஏ.வின் வேலை பணம் போடுவது, விளம்பரம் செய்வது, பெட்டியைக் கடைக்கு அனுப்புவது. எழுதுவதெல்லாம் பெரும்பாலும் வெளி ஆட்கள். தொண்ணூறுகளில் ஒரு கேமுக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போனது. வெற்றி பெற்ற கேமின் உரிமை தன்னிடமே இருந்தால் அடுத்த பாகத்தையும் தானே வெளியிடலாம் இல்லையா? அதனால் ஸ்டுடியோக்களை வாங்கத் தொடங்கினார்கள். 1992இல் ஆரிஜின், 1995இல் இங்கிலாந்தின் புல்ஃப்ராக், 1997இல் மேக்ஸிஸ், 1998இல் வெஸ்ட்வுட்.

ஆரிஜின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். ரிச்சர்ட் கேரியட் அண்ணன், அப்பாவோடு சேர்ந்து தொடங்கிய ஸ்டுடியோ அது. அல்டிமா என்ற கேம் வரிசை அவர்களுடையது. 1992இல் வந்த அல்டிமா 7இல் எலிசபெத், ஏப்ரஹாம் என்று இரண்டு கொலைகாரர்கள் வருவார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், இ.ஏ.! அவ்வளவு மனக்கசப்பு இருந்தது. அதே வருடம் பணத்தேவையால் அவர்களிடமே ஆரிஜின் விற்கப்பட்டது. 1994இல் அல்டிமா 8 அவசரமாக வெளியே வந்தது, விளையாடியவர்களுக்கு அது தெரிந்தது. 1997இல் அல்டிமா ஆன்லைன் பெரிய வெற்றி பெற்றதும் ஸ்டுடியோவின் கவனமெல்லாம் ஆன்லைன் பக்கம் திரும்பியது. 1999இல் அல்டிமா 9 பிழைகளோடு வந்தது. கேரியட் 2000இல் வெளியேறினார், 2004இல் ஆரிஜின் மூடப்பட்டது.

புல்ஃப்ராகிலும் இதே வரிசைதான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் மோலினியு 1997இல் கிளம்பினார், 2001இல் அந்தப் பெயர் மறைந்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்று. வாங்கும்போது கைக்கு வருவது பெயரும் உரிமையும். அந்த கேமை உருவாக்கிய மனிதர்கள் சில வருடத்தில் கிளம்பிவிடலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்துக்குக் காலாண்டுக் கணக்கு உண்டு, அதனால் தேதி தவறக்கூடாது. "இன்னும் ஆறு மாதம் கொடுங்கள், நன்றாக வரும்" என்று சொல்லிப் பழகிய சின்னக் குழுவுக்கு அது தாங்காது. 2008இல் ஒரு மாநாட்டில் இ.ஏ.வின் அப்போதைய தலைமை அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோவே, ஆரிஜின், புல்ஃப்ராக், வெஸ்ட்வுட் விஷயத்தில் நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். இருந்தும் 2009இல் பாண்டெமிக், 2017இல் விசரல் என்று மூடுவது தொடர்ந்தது.

ஆனால் எல்லாமே இப்படி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேக்ஸிஸில் வில் ரைட் செய்ய ஆசைப்பட்ட 'தி சிம்ஸ்', இ.ஏ. வாங்கிய பிறகுதான், 2000இல் வந்தது. 2017இல் வாங்கிய ரெஸ்பான் ஸ்டுடியோ, 2019இல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற கேமைக் கொடுத்தது.

சரி, கடைசியாக வெஸ்ட்வுட். லாஸ் வேகாஸில் கமாண்ட் அண்ட் காங்கர் என்ற கேமை உருவாக்கியவர்கள். 12.25 கோடி டாலருக்கு வாங்கி, ஐந்தே வருடத்தில், 2003இல் மூடி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வாருங்கள் என்றார்கள். பலர் போகவில்லை. லாஸ் வேகாஸிலேயே பெட்ரோகிளிஃப் என்ற புது ஸ்டுடியோ தொடங்கினார்கள். பழைய கமாண்ட் அண்ட் காங்கரைப் புதுப்பித்து வெளியிட இ.ஏ. முடிவு செய்தபோது (அது 2020இல் வெளிவந்தது), அந்த வேலையை பெட்ரோகிளிஃபிடம்தான் கொடுத்தது. இசைக்கும் அந்தப் பழைய கேமின் இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெப்பாக்கியே வந்தார்.