பாய்ச்சலைக் கணக்கிட்டவர்

நேயர்களுக்கு என் வணக்கம். ஜெர்மனியின் தொடக்ககாலச் சோதனை விமானிகள் என்றதும், அத்துறையில் ஆர்வமுள்ளவர்கள் பலரும் ஹன்னா ரைட்ஷின் பெயரையே முதலில் சொல்வார்கள். நான் நெடுங்காலமாகச் சொல்லி வரும் பெயர் மெலிட்டா ஷில்லர்.

இன்று போலந்தில் இருக்கும், அன்று ஜெர்மனியின் போசன் மாகாணத்தைச் சேர்ந்த குரோட்டோஷின் என்ற ஊரில் 1903 ஜனவரி 9ஆம் நாள் அவர் பிறந்தார். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபின், பெர்லினில் ஆட்லர்ஸ்ஹோஃப் பகுதியில் இயங்கிய ஜெர்மன் விமானவியல் ஆய்வு நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, 1929இல். இந்த வரிசையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பொறியாளர் முதலில், விமானி பிறகு. தாம் ஆராயும் பொருளைத் தாமே வானில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் விமானியானார் என்று நான் கருதுகிறேன்.

அவருடைய பெயரோடு இணைந்து நிற்பது பாய்ச்சல் சோதனை, அதாவது விமானத்தைத் தலைகீழாகக் கீழே பாயவிட்டு நிமிர்த்திப் பார்ப்பது. ஊர்த் திருவிழாவில் ராட்டினம் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே எழுவதைப் போலவும், அடிக்கு வந்து மறுபடி ஏறும்போது உடல் இருக்கையோடு அழுந்துவதைப் போலவும் தோன்றுமல்லவா? யுங்கர்ஸ் 87, யுங்கர்ஸ் 88 ஆகிய போர் விமானங்களை ஏறக்குறையச் செங்குத்தாகக் கீழே பாயவிட்டுத் தரை நெருங்கும்போது நிமிர்த்தினால், அந்த அழுத்தம் உடலின் எடையைப் பல மடங்காக்கிவிடும். தலையிலிருந்து இரத்தம் இறங்கிப் பார்வை இருண்டு, சிலருக்கு நினைவே தப்பிவிடும். அத்தகைய பாய்ச்சல்களை மெலிட்டா ஒரே நாளில் பதினைந்து முறைவரை செய்திருக்கிறார். மொத்தத்தில் 2,000க்கும் மேல். ராட்டினத்தில் மூன்றாவது சுற்றிலேயே "போதும், இறக்கிவிடுங்கள்" என்று கூவிய என்னைப் போன்றவர்களுக்கு அந்த எண்ணிக்கையைக் கேட்டாலே தலை சுற்றும்.

ஆனால் என்னை ஈர்ப்பது பாய்ந்து இறங்கிய பிறகு அவர் செய்த வேலைதான். வேறொருவராக இருந்தால் விமானி பறந்து வந்து சொல்வதைப் பொறியாளர் எழுதிக்கொள்வார். சொல்வதற்கும் எழுதுவதற்கும் இடையே ஏதேனும் நழுவும். இவரோ பகலில் தாம் திரட்டிய அளவீடுகளோடு மாலையில் தாமே மேசைமுன் உட்கார்ந்து, பாயும்போது குண்டு வீச உதவும் குறிபார்க்கும் கருவி எங்கே பிழைத்தது என்று கணக்கிட்டார். மறுபடியும் சொல்கிறேன், பொறியாளர் முதலில்.

அந்தத் திறமை யாருக்குப் பயன்பட்டது என்பதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அவர் செம்மைப்படுத்திய கருவிகள் ஹிட்லருடைய விமானப்படையின் குண்டுகளுக்குத்தான் வழிகாட்டின. அதே அரசுதான், யூதராகப் பிறந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவரின் மகள் என்பதற்காக, 1936இல் அவரை ஆய்வு நிறுவனத்திலிருந்து நீக்கியது. பின்னர் அஸ்கானியா என்ற கருவித் தொழிற்சாலையில் பணியாற்றிய அவருக்கு, 1937இல் விமானக் கேப்டன் என்ற சிறப்புப் பட்டமும், 1943இல் இரும்புச் சிலுவைப் பதக்கமும் அதே அரசால் வழங்கப்பட்டன. வேலையிலிருந்து விலக்கிய கைதான் பதக்கமும் குத்தியது. அந்த முரணோடு அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கியே ஆக வேண்டும். 1937இல் அவர் மணந்துகொண்ட வரலாற்றுப் பேராசிரியர் அலெக்ஸாண்டரின் தம்பிதான், 1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்கு அருகில் குண்டு வைத்த கிளவுஸ் ஃபொன் ஷ்டாஃபன்பெர்க். குடும்பமே சிறைப்பட்டது. போருக்கு இன்றியமையாதது அவருடைய வேலை என்பதால் மெலிட்டா மட்டும் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். அந்தச் சலுகையைப் பயன்படுத்திச் சிறையிலிருந்த உறவினர்களுக்கு உதவினார், பிரித்துவைக்கப்பட்ட அக்குடும்பக் குழந்தைகளைக் கிறிஸ்துமஸுக்குச் சென்று பார்த்தார். 1945 ஏப்ரல் 8 அன்று, இடம் மாற்றப்பட்ட கணவரைத் தேடி ஒரு சிறிய பயிற்சி விமானத்தில் பவேரியாவுக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கப் போர் விமானம் ஒன்று அவரைச் சுட்டது. அடிபட்ட நிலையிலும் விமானத்தைத் தரையிறக்கிவிட்டு, அன்றே அவர் உயிர் துறந்தார். வணக்கம்.