மேசையும் அறைச் சாவியும்

நண்பர்களே, பல்கலைக்கழக வளாகத்தில் கருத்துரிமை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேசையை எங்கே போடுவது, அறைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று வரும்போதுதான் சண்டை.

1964 செப்டம்பர். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக வாசல். நடைபாதையில் மேசை போட்டு மாணவர்கள் துண்டறிக்கை கொடுப்பார்கள், இயக்கங்களுக்குப் பணம் திரட்டுவார்கள். அது நகராட்சி இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்து இடம் என்று தெரிந்ததும் நிர்வாகம் தடை போட்டது. அக்டோபர் 1 அன்று மேசையருகே இருந்த முன்னாள் மாணவர் ஜாக் வெயின்பெர்க்கைப் போலீஸ் பிடித்துக் காரில் ஏற்றியது. கார் நகரவில்லை. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், 32 மணி நேரம்! காரின் கூரையே மேடை ஆனது. அதில் ஏறிய மாணவர் மாரியோ சாவியோ முதலில் ஷூவைக் கழற்றினார். காருக்குச் சேதம் வரக்கூடாதாம். டிசம்பர் 8 அன்று ஆசிரியர் பேரவை 824-க்கு 115 என்ற கணக்கில் மாணவர் பக்கம் வாக்களித்தது. நேரம், இடம் பற்றி விதி வைக்கலாம், பேசும் பொருளில் கை வைக்கக்கூடாது என்றது.

இதற்குக் கைதட்டுபவர்கள் அடுத்த கதைக்கு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், மிசூரி மாநில அரசு நடத்தும் பல்கலைக்கழகம். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் சங்கங்கள் அங்கே கூடின. ஒரு கிறிஸ்தவ மாணவர் குழுவுக்கு மட்டும் 1977-இல் அறை மறுக்கப்பட்டது. வழிபாட்டுக்கு இடமில்லை என்பது விதி. அரசு வேறு, மதம் வேறு என்றது நிர்வாகம். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் திறந்த கதவை, பேசும் விஷயத்தைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் மூட முடியாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 எனத் தீர்ப்பளித்தது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அறை கொடுத்தால் ஆசீர்வாதம் கொடுத்ததாகிவிடுமா?

சரி, நிர்வாகமே மதத்தின் கையில் இருந்தால்? அந்நாளைய ஆக்ஸ்ஃபோர்டு அப்படித்தான். 1854 வரை, ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளேயே விடுவார்கள். 1811-இல் நாத்திகத் துண்டுப்பிரசுரம் ஒன்று வெளிவந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த கவிஞர் ஷெல்லியிடம், எழுதியது நீயா என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார், கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். 1822-இல் கடலில் மூழ்கி இறந்தார். 1893-இல் அதே கல்லூரி அவருக்கென்று தனியாகக் குவிமாட அறை கட்டி, கரை ஒதுங்கிய அவர் உடலைப் பளிங்குச் சிலையாகக் கிடத்தி வைத்தது.